கண்ணுக்கு மட்டும் தமிழ்

பார்வைத் துணைக்கருவிச் சான்றளிப்பு வாரியத்தின் விழுப்புரம் மண்டல அலுவலகத்தைக் கட்டியவர்கள் நன்றாக யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். பார்வையற்றோர் வந்து போகிற இடம், வழி தெரியாமல் திண்டாடக் கூடாதே என்று சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். ‘வலப்பக்கம் திரும்பவும்.’ ‘படி உள்ளது, கவனம்.’ ‘செருப்பை இங்கே விடவும்.’ வாசலில் பித்தளையில் ஒரு பிரெய்ல் பலகையும் உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் தடவித் தடவிப் புள்ளி தேய்ந்துவிடும் என்று அதற்குக் கண்ணாடி போட்டுப் பூட்டிவிட்டார்கள். “தென்னிந்தியாவிலேயே மிகப் பத்திரமாக இருக்கிற பிரெய்ல் பலகை நம்முடையதுதான்” என்று மண்டல இணை இயக்குநர் (பொறுப்பு) வேங்கடேசன் திறப்பு விழாவில் பேசினாராம். பொய்யில்லை. இன்றுவரை ஒரு விரல் அதன்மேல் பட்டதில்லை.

ஆரோக்கியசெல்வி முதல் நாள் போனபோது அவள் விரலும் கண்ணாடியில்தான் பட்டது.

“இன்னாம்மா, கண்ணாடி மேல கைய வெச்சிக்கினு? ரேகை விழுது பாரு” என்று காவலாளி சத்தம் போட்டார்.

செல்விக்கு இருபத்தாறு வயது. ஊர் வல்லத்துக்குப் பக்கம். பிறவியிலேயே கண் தெரியாது. அம்மா கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போகிறவள், அப்பா இல்லை. செல்வி திண்டிவனத்தில் தங்கித் தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கினாள். கல்லூரித் தோழி ஒருத்தி கழித்துப் போட்ட லேப்டாப் அவளிடம் இருந்தது. அதில், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிற ஸ்கிரீன் ரீடர் ஒன்றை ஏற்றியிருந்தாள். திரையில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை வாய்விட்டுப் படித்துச் சொல்கிற மென்பொருள் அது. பெரிய கம்பெனிகள் விற்கிற அதே வகை மென்பொருளின் விலைக்கு ஊரில் ஒரு கறவை மாடு வாங்கலாம். செல்வி மாடும் வாங்கவில்லை, அதையும் வாங்கவில்லை. இலவசமானதையே வைத்துக்கொண்டு தட்டச்சு, கணக்கு அட்டவணை, கடிதம் எல்லாம் கண் தெரிந்தவர்களைவிட வேகமாகச் செய்வாள். அவள் வைத்திருக்கிற வேகத்தில் அந்தக் குரல் பேசினால் அம்மாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. “அதக் கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுடி” என்பாள்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் திண்டிவனத்துக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஒன்றில் கணினி இயக்குநர் வேலைக்கு அவளுக்கு உத்தரவு வந்தது. நிரந்தர வேலை. அம்மா கையில் அந்தக் காகிதத்தைத் தடவிக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஆனால் கடைசி வரியில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆகஸ்ட் பதினான்காம் தேதிக்குள், கணினி இயக்கத் தெரியும் என்று மேற்படி வாரியத்தில் சான்று வாங்கிக்கொண்டு வர வேண்டும். தவறினால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே.

வாரியத்தில் கண்காணிப்பாளர் கிருஷ்ணவேணி அவளை விரட்டவில்லை. பிரியமாகவே பேசினார்.

“ஃபாரம் ஏழு ஃபில்லப் பண்ணணும்மா. சொந்தக் கையெழுத்துல. கோடு தாண்டாம எழுதணும்.”

“எனக்குக் கண்ணு தெரியாதுங்க மேடம்.”

“அதுதான் தெரியுதே. அதுக்குத்தான இங்க வந்திருக்க. வீட்ல நிதானமா எழுதிக்கினு வா, அவசரமில்ல. ஃபாரம் எங்க வெப்சைட்ல இருக்குது.”

இருந்தது. அதை இறக்குவதற்கு முன் வாரியத்தின் இணையதளம் ஒரு கேள்வி கேட்டது: ‘நீங்கள் மனிதர்தான் என்பதை நிரூபிக்கவும். கீழ்க்காணும் படங்களில் சைக்கிள் உள்ளவற்றைத் தொடவும்.’ திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற ரோஜாதான் தொட்டுக் கொடுத்தாள். “உனக்குப் பதிலா நான் மனுஷின்னு ப்ரூவ் பண்ணிட்டேன்க்கா” என்றாள். படிவத்தையும் அவளே கோடு தாண்டாமல் எழுதினாள்.

அடுத்த தடவை இணை இயக்குநர் வேங்கடேசன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அறையில் சந்தன ஊதுபத்தி வாசனை. அவர் குரலே அவருக்கு மிகவும் பிடிக்கும் என்பது செல்விக்கு இரண்டாவது வாக்கியத்தில் தெரிந்துவிட்டது.

“எந்த சாஃப்ட்வேர்ம்மா வெச்சிருக்க?”

சொன்னாள்.

“அது இலவசமாச்சே. பில் இருக்கா?”

“இலவசத்துக்கு எப்படி சார் பில்லு இருக்கும்?”

“பில்லே இல்லாத பொருளுக்கு நான் எப்படிம்மா சான்று குடுப்பேன்? நாளைக்கு ஆடிட்ல கேட்டா இன்னா சொல்றது? ஏழை மக்களுக்கு விலை உயர்ந்த தரம் கிடைக்கணும்ங்கறது எங்க கொள்கை. சீப்பானத உங்க தலையில கட்டிட்டு நான் நிம்மதியா தூங்க முடியுமா? அதுக்காகத்தான் வாரியம் பன்னெண்டு ஒரிஜினல் சாஃப்ட்வேர் வாங்கி வெச்சிருக்குது. அதோ, அந்த பீரோவுல.”

“அதுல ஒண்ணு எனக்குக் குடுத்தா...”

“அது எப்படிம்மா? சீல் உடைஞ்சிடும். ஆறு வருஷமா ஒரு கீறல் இல்லாம காப்பாத்திக்கினு வர்றோம்.”

செல்வி திண்டிவனத்துக்குத் திரும்பி ரோஜாவிடம் சொல்லி அழுதாள். ரோஜா அழுகிற ஜாதி இல்லை. தன் கடைப் பில் புத்தகத்தை எடுத்து, ‘ஸ்கிரீன் ரீடர் ஒன்று, விலை ரூபாய் 0.00, வரி ரூபாய் 0.00, மொத்தம் ரூபாய் 0.00’ என்று எழுதி, கடை முத்திரை குத்திக் கிழித்துக் கொடுத்தாள். கிருஷ்ணவேணி அதை வாங்கிப் பார்த்து, கூட்டிச் சரிபார்த்து, “இத மொதல்லயே குடுத்திருக்கலாம் இல்ல?” என்று கோப்பில் வைத்துக்கொண்டார். சோதனைக்குத் தேதி கிடைத்தது. ஜூலை பத்து.

சோதனை எளிது. வாரியம் ஒரு பக்கத் தமிழ்க் கட்டுரையை லேப்டாப்பில் ஏற்றிக் கொடுக்கும். அதைக் கேட்டு, என்ன சொல்லியிருக்கிறது என்று விண்ணப்பதாரர் சொல்ல வேண்டும். செல்விக்குச் சிரிப்புதான் வந்தது. ஐந்தாண்டாக அவள் அதைத்தானே செய்து வருகிறாள்?

கோப்பைத் திறந்தாள். குரல் பேசியது: “ஜி, ஹெச், ஹெச், ஐ, டி...”

அடுத்த வரிக்குப் போனாள். அங்கேயும் ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளி, சதுர அடைப்பு. சுற்றி நின்றவர்கள் திரையைப் பார்த்தார்கள். திரையில் மணிமணியாக, ‘பார்வை என்பது கண்ணில் மட்டும் இல்லை, கருணையிலும் இருக்கிறது’ என்று தமிழ். அதை எழுதியவர் வேங்கடேசன்.

“இன்னாம்மா இது? எதிர்ல தமிழ் இருக்குது, உன் மிஷினு இங்கிலீஷ் பேசுது?” என்றார் அவர்.

செல்விக்குப் புரிந்துவிட்டது. வாரியத்தின் தட்டச்சர் தேவசகாயம் எல்லாவற்றையும் பழைய காலத்து எழுத்துருவில் அடிக்கிறவர். அந்த எழுத்துருவில் ஆங்கில ஜி-யைத் தட்டினால் திரையில் ‘ப’ என்ற வடிவம் தெரியும். பார்க்கிற கண்ணுக்கு அது ப. கணினிக்கு அது கடைசிவரை ஜி-தான். கணினி எதை வைத்திருக்கிறதோ அதைத்தானே குரல் படிக்கும்?

“சார், இது யூனிகோடு இல்லீங்க. இது கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து.”

வேங்கடேசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“தமிழுக்குள்ள இங்கிலீஷா? யாரப் பாத்து இன்னா பேசுற? நான் எழுதின தமிழும்மா அது! மூணு பேரு படிச்சிட்டுக் கண்ணு கலங்கிட்டாங்க. கிருஷ்ணவேணி, நீங்க கலங்கினீங்க இல்ல?”

“கலங்கினேன் சார்” என்றார் கிருஷ்ணவேணி.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. ‘விண்ணப்பதாரருக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. ஆங்கிலத்தை மட்டும் எழுத்துக்கூட்டுகிறார். மேலும் தாய்மொழியை இழிவாகப் பேசும் போக்கு காணப்படுகிறது. சான்று மறுக்கப்படுகிறது.’ அதுவும் அதே எழுத்துருவில்தான் மின்னஞ்சலில் வந்தது. ரோஜா திரையைப் பார்த்துப் படித்துச் சொன்னாள்.

தமிழ் இலக்கியத்தில் பல்கலைக்கழகத்தின் தரவரிசையில் வந்தவளுக்குத் தமிழ் தெரியாதாம். செல்வி அன்றைக்கு அழவில்லை. அம்மா சோறு போட்டு வைத்ததைத் தொடக்கூட இல்லை. வேலை போனால் போகட்டும் என்று அவளால் சொல்ல முடியாது, அம்மாவின் முதுகு இனி வளைய முடியாத நிலைக்கு வந்துவிட்டது. வேலை வேண்டும். ஆனால் இப்போது வேலை மட்டும் போதாது என்றும் அவளுக்குத் தோன்றியது. தனக்குத் தமிழ் தெரியாது என்று எழுதிய கை, தன்னைப் பற்றியும் அதே போல ஒரு எழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் எதிரியின் சட்டத்தைப் படித்தாள். வாரியத்தின் விதிக் கையேடு இணையதளத்தில் இருந்தது, நூற்றுநாற்பது பக்கம், எல்லாம் பழைய எழுத்துரு. அதைக் குரல் படிக்கக்கூடிய யூனிகோடாக மாற்றுகிற நிரல் ஒன்று இலவசமாகவே கிடைத்தது. மூன்று நாள் உட்கார்ந்து மாற்றி, வரி விடாமல் கேட்டாள். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கையேட்டை முழுதாகப் படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். எண்பத்தொன்பதாம் பக்கத்தில் விதி பத்தொன்பது கிடைத்தது. மறுப்புக்கு எதிராக மேல்முறையீட்டு மனு அனுப்பலாம், மின்னஞ்சலில் மட்டும். அதிகாரி மனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, ‘முழுவதும் படித்தேன்’ என்று ஒப்பமிட வேண்டும். படிக்காமல் போட்ட ஆணை செல்லாது. பதினைந்து நாளுக்குள் செல்லத்தக்க ஆணை இல்லாவிட்டால் சான்று வழங்கியதாகவே கருதப்படும்.

அந்த விதியை நான்கு தடவை கேட்டாள். படிக்காமல் போட்டார் என்று எப்படி நிரூபிப்பது?

வழியைக் காட்டியது ஒரு கைத்தவறு. மனுவின் முதல் வரைவைப் பென் டிரைவில் போட்டு ரோஜாவிடம் பிரிண்ட் எடுக்கக் கொடுத்திருந்தாள். ரோஜா திரும்பி வந்து, “இன்னாக்கா, வெறும் பேப்பரு குடுத்திருக்க?” என்றாள். செல்வி லேப்டாப்பில் அதே கோப்பைத் திறந்தாள். குரல் ஒரு எழுத்து விடாமல் படித்தது. ரோஜா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “அய்யோ, எழுத்து கலர வெள்ளையாக்கி வெச்சிருக்கக்கா! வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்து. ஒண்ணும் தெரியல” என்று சிரித்தாள். ஏதோ விசை மாறி அழுந்தியிருக்கிறது.

செல்வி சிரிக்கவில்லை.

“ரோஜா, கறுப்பாக்காத. அப்படியே இருக்கட்டும்.”

“யாருக்கு அனுப்பப் போற?”

“கண்ணுக்கு மட்டும் தமிழ் எழுதுறவருக்கு. காதுக்கு மட்டும் ஒரு மனு.”

நியாயமும் பார்த்தாள், அதையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சலின் உடலில், கறுப்பு எழுத்தில், ‘ஐயா, இந்த மனு காதால் கேட்பதற்கு உரியது. தங்கள் பீரோவில் உள்ள மென்பொருளில் கேட்டருள வேண்டுகிறேன்’ என்று எழுதினாள். நான்கு பக்க மனுவை இணைத்தாள். ஜூலை இருபத்தாறாம் தேதி அனுப்பினாள்.

அங்கே நடந்ததைப் பிற்பாடு தேவசகாயமே தொலைபேசியில் சொன்னார். சோதனை நாளில் தன் எழுத்துருவால் ஒரு பெண்ணுக்கு வேலை போகிறதே என்று அந்த மனிதருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மனு வந்த அன்று கிருஷ்ணவேணி வழக்கம்போல இணைப்பை மட்டும் பிரிண்ட் எடுத்துவிட்டு மின்னஞ்சலை அழித்திருக்கிறார். கணினியில் இடம் அடைக்கக் கூடாது என்பது வாரியத்தின் வழக்கம். நான்கு தாளும் வெள்ளையாக வந்தன.

“சார், இது வெறும் பேப்பரா இருக்குது.”

“பாவம், கண்ணு தெரியாத பொண்ணு. ஒண்ணுமே அடிக்காம அனுப்பியிருக்கும்.”

“திருப்பி அனுப்பச் சொல்லட்டுமா சார்?”

“எதுக்கு? திருப்பி அனுப்பினா மறுபடியும் ஒரு ஃபைலு, மறுபடியும் பதினஞ்சு நாளு. பேஜாரு. இதுல இன்னா எழுத நெனச்சிருக்கும்னு எனக்குத் தெரியாதா? நான் ஏழை, எனக்குக் கண்ணில்ல, அம்மா கூலி வேலை. எல்லா மனுவும் ஒரே மனுதான். ஜல்தியா சீல எடு.”

நான்கு தாளிலும் ‘முழுவதும் படித்தேன்’ முத்திரை விழுந்தது. ஒவ்வொன்றிலும் பச்சை மையில் கையெழுத்து. அடியில் ஆணை: ‘மனுவில் கண்ட வாதங்கள் அனைத்தும் வரிக்கு வரி பரிசீலிக்கப்பட்டன. அவை உணர்ச்சிவசப்பட்டவை, ஆதாரமற்றவை. மனு தள்ளுபடி.’

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி, அதாவது கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பு, வாரியம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் குறைகேட்பு முகாம் நடத்தியது. சென்னையிலிருந்து மேல்முறையீட்டு அலுவலர் தமிழ்மணி வந்திருந்தார். அவர் ஒன்றும் ஏழைகளுக்காக உருகுகிற ஆள் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாக் கோப்பையும் மூடிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு லட்சியம் கிடையாது.

மண்டபம் நிறைய ஆட்கள். வெள்ளைக் கோல் தட்டுகிற சத்தம் மேடை வரை கேட்டது. வேங்கடேசன் வரவேற்றுப் பேசினார்.

“ஒன்பது ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. பெருமையோடு சொல்கிறேன், இந்த மண்டலத்திலிருந்து இதுவரை ஒரே ஒரு தவறான சான்றுகூட வெளியே போனதில்லை!”

முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

“சரியான சான்று எத்தன போச்சு?” என்று தமிழ்மணி கேட்டார்.

“அது... பரிசீலனையில் இருக்குங்க சார்.”

செல்வியின் முறை வந்தது. ரோஜா அவள் கையைப் பிடித்து மேடையேற்றி, லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். தமிழ்மணி கோப்பின் மேலட்டையைப் பார்த்தார்.

“மேல்முறையீடு தள்ளுபடி ஆயிருக்கே. அப்புறம் இன்னாம்மா?”

“விதி பத்தொன்பதுங்க சார். மனுவப் படிக்காம போட்ட ஆர்டர் செல்லாதுன்னு இருக்குது. சார் படிச்சாருங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க.”

வேங்கடேசனுக்குக் கோபம் வந்தது. நூறு பேர் முன்னால் ஒரு பெண் இப்படிக் கேட்டால் வராதா?

“வரிக்கு வரி படிச்சேன் சார். நாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்துலயும் என் கையெழுத்து இருக்குது.”

“மனு எப்படி சார் இருந்திச்சி?” செல்வி பணிவாகத்தான் கேட்டாள்.

“உண்மையச் சொல்லணும்னா சுமார்தாம்மா. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்க. எழுத்துப் பிழையும் ஜாஸ்தி. அதுக்குத்தான் உனக்குத் தமிழ் பத்தாதுன்னு மொதல்லயே எழுதினேன்.”

“ரொம்ப நன்றிங்க சார்.”

தமிழ்மணி மேலட்டையைத் திருப்பினார். முதல் தாள். இரண்டாம் தாள். மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான்காவதையும் பார்த்துவிட்டு வேங்கடேசன் முகத்தைப் பார்த்தார்.

“இதுதான் மனுவா?”

“ஆமாங்க சார்... அதுல பிரிண்ட் கொஞ்சம் லைட்டா...”

“இதே மனுதாங்க சார் என் லேப்டாப்புல இருக்குது” என்றாள் செல்வி. “அனுப்பின தேதியும் அதுலயே இருக்கும். கேக்கலாமுங்களா?”

வேகத்தைக் குறைத்து வைத்தாள், கூட்டம் முழுக்கக் கேட்க வேண்டுமே. மைக்கை ரோஜா லேப்டாப்பின் பக்கம் திருப்பினாள். மண்டபத்தில் அந்தக் குரல் அட்சரம் பிசகாமல் பேசியது.

“அனுப்புநர், ம. ஆரோக்கியசெல்வி. பெறுநர், மண்டல இணை இயக்குநர் அவர்கள். ஐயா, இந்த மனு வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால் எழுதப்பட்டது. கண்ணால் பார்த்தால் தெரியாது. காதால் கேட்டால் தெரியும். தாங்கள் எனக்குக் கொடுத்த கட்டுரை கண்ணுக்கு மட்டும் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. அதற்காக எனக்குத் தமிழ் தெரியாது என்று எழுதினீர்கள். இந்தக் காகிதம் தங்கள் கண்ணுக்கு வெறுமையாகத் தெரிந்தால், எழுத்தில் கோளாறா, படிக்கிறவரிடம் கோளாறா என்று ஒரு வார்த்தை என்னைக் கேளுங்கள். அன்று நானும் அதையேதான் தங்களிடம் சொன்னேன். இதைக் கேட்டுவிட்டீர்கள் என்றால், தங்கள் ஆணையின் தலைப்பில் ‘மல்லாட்டை’ என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். நான் மறுபேச்சில்லாமல் வேலையை விட்டுக்கொடுத்துவிடுகிறேன். அந்தச் சொல் இல்லாவிட்டால், தாங்கள் மனுவைப் படிக்காமலே தள்ளினீர்கள் என்று பொருள். இப்படிக்கு, தமிழ் தெரியாத ஆரோக்கியசெல்வி.”

முதலில் பின்வரிசையில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. ஒன்பது ஆண்டாக அந்த வாரியத்தின் படியேறி இறங்கின நானூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேராவது அங்கே இருந்தார்கள். அவர்களுடைய சிரிப்பில் சந்தோஷத்தைவிட வேறு ஏதோ ஒன்று தூக்கலாக இருந்தது. “மல்லாட்டை எங்கப்பா? மல்லாட்டையக் காட்டு!” என்று ஒருவர் கோலைத் தரையில் தட்டினார். பிறகு எல்லாக் கோலும் தட்டின.

தமிழ்மணி ஆணையின் தலைப்பைப் பார்த்தார். அங்கே மல்லாட்டை இல்லை.

“சார், இது சதி! வெத்துப் பேப்பர அனுப்பி என்னை...” வேங்கடேசனுக்கு மூச்சு வாங்கியது.

“வெத்துப் பேப்பரா?”

“ஆமாங்க சார், வெத்துப் பேப்பரு! கிருஷ்ணவேணி, நீங்க பாத்தீங்க இல்ல?”

கிருஷ்ணவேணி இந்தத் தடவை கலங்கவில்லை. “நான் அன்னிக்கே சொன்னேனே சார்” என்றார்.

“வெத்துப் பேப்பர்னா,” தமிழ்மணி நிதானமாகக் கேட்டார், “எழுத்துப் பிழை எங்க இருந்திச்சி?”

வேங்கடேசன் வாயைத் திறந்தார். அவருக்கே பிடித்தமான அந்தக் குரல் வெளியே வரவில்லை.

மணி ஒன்றே கால். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. தமிழ்மணி அங்கேயே பேனாவைத் திறந்தார். ஆணை செல்லாது. பதினைந்து நாள் கடந்துவிட்டதால் விதி பத்தொன்பதின்படி சான்று வழங்கியதாகவே கருதி உடனே கையில் கொடுக்க வேண்டும்.

“சார், இன்னும் ஒரு வரி வேணுங்க” என்றாள் செல்வி.

“இன்னாம்மா இன்னும்?”

“எனக்குத் தமிழ் தெரியாதுன்னு ஃபைல்ல எழுதியிருக்குது. அது எழுத்துல இருக்குது. சாருக்கும் எழுத்துலயே வேணும்.”

தமிழ்மணி அவளை ஒரு கணம் பார்த்தார். பசியில் இருக்கிறவர் சட்டென்று எழுதுவதில் ஒரு உண்மை இருக்கும். எழுதியதைச் சத்தமாகவே படித்தார்: “விண்ணப்பதாரருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். இணை இயக்குநருக்குத் தெரியாதது தமிழா, படிப்பதா என்பதைத் தனியே விசாரிக்கலாம். விசாரணை முடியும்வரை, படிக்கத் தெரியும் என்று யாருக்கும் சான்று தரும் அதிகாரம் அவருக்கு இல்லை.”

ஒன்பது ஆண்டில் அந்த வாரியத்திலிருந்து போன முதல் சான்று அன்றைக்குத்தான் போனது. தேவசகாயம் அதை அங்கேயே, வாழ்க்கையில் முதல்முறையாக, யூனிகோடில் அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்ததில் அரை மணி நேரம் ஆயிற்று. செல்வி லேப்டாப்பில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினாள். தன் பெயர் வந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

மண்டப வாசலில் ரோஜா ஆட்டோ பிடிக்கப் போயிருந்த நேரத்தில் சந்தன வாசனை பக்கத்தில் வந்து நின்றது.

“அம்மா.”

“சொல்லுங்க சார்.”

“அங்க படிச்சது மொதப் பக்கம்தான? நாலு பக்கம் இருந்திச்சே.” வேங்கடேசன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மீதி மூணு பக்கத்துல இன்னா எழுதியிருக்கிற?”

செல்வி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“நீங்கதான் வரிக்கு வரி படிச்சீங்களே சார்.”

“விளையாடாதம்மா. நாலுலயும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏதாவது ஒத்துக்கினு இருக்கறாப்புல, சொத்து, கித்து...”

“ஆட்டோ வந்திடுச்சிங்க சார், வர்றேன்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் சங்கத்தில் போய் வேலையில் சேர்ந்தாள். வேங்கடேசனோ அன்றிலிருந்து உறக்கம் பிடிக்காத மனிதராகிவிட்டார். மின்னஞ்சலை அழித்தாயிற்று, காகிதம் மட்டும்தான் மிச்சம். அந்த மூன்று தாள்களையும் வெயிலில் பிடித்துப் பார்க்கிறாராம், எலுமிச்சைச் சாறு தடவிப் பார்க்கிறாராம், இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்துப் பார்த்ததில் ஒன்று லேசாகத் தீய்ந்துவிட்டதாம். கணினி தெரிந்த யாரையாவது கேட்கலாம், ஆனால் கேட்டால் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. விசாரணையில் இன்னமும் ‘படித்தேன், அச்சுதான் மங்கல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தேவசகாயம் வாரத்துக்கு ஒரு தடவை செல்விக்குச் செய்தி சொல்லிவிடுவார். அவள் உச்சுக் கொட்டாமல் கேட்டுக்கொள்வாள்.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனபோது அம்மாவும் அதையே கேட்டாள்.

“அப்படி இன்னாதான்டி எழுதின, அந்த மூணு பக்கத்துல?”

“ஒண்ணும் எழுதலம்மா. வெறும் என்டர்தான் தட்டிக்கினே போனேன்.”

அம்மா புடவையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

“வேல வந்திடுச்சி இல்ல, அப்புறம் இன்னா? சொல்லிடுடி. வயசான மனுஷன், பாவம்.”

“சொல்றேன்மா. ‘நான் படிக்கல’ன்னு அந்தாளு வாயால ஒரே ஒரு தடவ சொல்லட்டும். அன்னிக்கே சொல்லிடறேன்.”

இதுவரை அவர் சொல்லவில்லை. இவளும் சொல்லவில்லை.